குண்டு விழுந்த தூரம்

கடலூரில் தேவனாம்பட்டினத்துக்குப் பக்கத்தில் குண்டு உப்பலவாடி என்று ஓர் ஊர் இருக்கிறது. பெயரின் முன்னால் நிற்கும் குண்டு, பீரங்கிக் குண்டு. 1690இல் செஞ்சியில் இருந்த மராத்திய மன்னர் ராஜாராமிடமிருந்து தேவனாம்பட்டினத்துச் சிறு கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதைக் காணிக் கணக்கில் எழுதவில்லை. கோட்டையிலிருந்து சுடும் பீரங்கியின் குண்டு எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு நிலம் என்று எழுதினார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் பீரங்கி நாலா திசையும் சுட்டது. குண்டு போய் விழுந்த எல்லைக்குள் கடலூர் பழைய நகரமும் சுற்றியிருந்த சிற்றூர்களும் அகப்பட்டன. அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. கோட்டைக்குக் கம்பெனி வைத்த பெயர் புனித டேவிட் கோட்டை.

ராஜாராம் ஏன் விற்றார் என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது. அண்ணன் சம்பாஜியை 1689இல் ஔரங்கசீப் கொன்றுவிட, உயிர் தப்பித் தெற்கே வந்து செஞ்சிக்குள் நுழைந்தவர் அவர். பின்னாலேயே முகலாயத் தளபதி சுல்பிகர் கான் வந்து கோட்டையை வளைத்தார். முற்றுகை விட்டு விட்டு 1698 வரை நீண்டது. படைக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், வெடிமருந்து வாங்க வேண்டும், தானியம் வாங்க வேண்டும். கையில் காசில்லாத அரசனிடம் விற்க மிஞ்சியது கடற்கரை. வாங்குபவன் தூக்கிவந்தது பணப்பை. அளந்தது பீரங்கி. அடுத்த நூறாண்டுக் கதை முழுவதும் அந்த ஒரு கிரயத்திலேயே இருக்கிறது.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல்களிலும், 2011 முதல் 2019 வரை ஒளிபரப்பான ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரிலும் பிராவோஸ் நகரத்து இரும்பு வங்கி ஒன்று வரும். தமிழ் இளைஞர்கள் பலருக்கும் பழக்கமான வங்கி. கடனைத் திருப்பித் தராத அரசனோடு அது நேரடியாகச் சண்டைக்குப் போகாது. அவனுடைய எதிரிக்குப் பணம் கொடுக்கும். நாவலில் அரசி செர்சி தவணையை நிறுத்திவைக்க, வங்கியின் ஆள் டைகோ நெஸ்டோரிஸ் பனிக்காட்டைக் கடந்து போட்டி அரசன் ஸ்டானிஸைத் தேடிப் போகிறார். தொலைக்காட்சியில் அதே செர்சி பின்னால் பழைய பாக்கியைத் தீர்த்ததும் வங்கி அவள் பக்கமே திரும்பிவிடுகிறது. பணம் படைத்தவர்கள் போரில் பக்கம் எடுப்பதைப் பற்றிக் கற்பனை சொல்லும் விதி இவ்வளவுதான்: யார் திருப்பித் தருவாரோ அவர் பக்கம்.

ஐரோப்பிய வரலாறு இந்த விதிக்குச் சான்றும் தருகிறது, மறுப்பும் தருகிறது. 1519இல் ஐந்தாம் சார்லஸ் பேரரசராகத் தேர்ந்தெடுக்கப்படச் செலவான ஏறத்தாழ எட்டரை லட்சம் ஃபுளோரினில் ஐந்து லட்சத்துக்கும் மேல் ஆக்ஸ்பர்க் நகரத்து யாக்கோப் ஃபுக்கர் கொடுத்தது. நாலாண்டு கழித்துப் பாக்கி வராதபோது, தான் இல்லாவிட்டால் மணிமுடி இல்லை என்று பேரரசருக்கே கடிதம் எழுத அவரால் முடிந்தது. ஆனால் அதற்கு முன் 1340களில், இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்டுக்குப் போர்க்கடன் கொடுத்திருந்த ஃபுளோரன்ஸ் நகரத்துப் பெருட்சி, பார்டி வங்கிகள் அடுத்தடுத்துக் கவிழ்ந்தன. ஆயுதமில்லாத வங்கி அரசனிடம் போய்க் கடனைக் கேட்கலாம். பிடுங்க முடியாது.

கடலூரில் உட்கார்ந்திருந்த வங்கியிடம் ஆயுதம் இருந்தது.

கம்பெனி பெயருக்கு வணிகக் கூடம்தான். துணி வாங்கி ஏற்றுமதி செய்வது அதன் தொழில். ஆனாலும் சண்டையிடும் அரசர்களுக்குப் படையைக் கடனாகக் கொடுத்து, செலவைப் பற்று எழுதி, ஈடாக நிலவரியை எழுதி வாங்கத் தொடங்கிய நாளிலிருந்து அது வேறொன்றாக மாறிவிட்டது. அந்த மாற்றம் கண்ணுக்குத் தெரிந்த இடம் சிதம்பரத்துக்குத் தெற்கே, கொள்ளிடம் கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் இருந்த தேவிக்கோட்டை.

1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்துக்கொள்ள, சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமை இடம் புனித டேவிட் கோட்டைக்கு மாறியிருந்த காலம் அது. தஞ்சாவூர் அரியணையை இழந்த மராத்திய இளவரசர் சையாஜி 1749இல் கடலூருக்கு வந்து உதவி கேட்டார். அரியணையில் இருந்தவர் பிரதாப சிங். தன்னை மீண்டும் உட்கார வைத்தால் தேவிக்கோட்டையைத் தருவதாகவும் போர்ச் செலவை ஏற்பதாகவும் சையாஜி சொன்னார். கம்பெனி சம்மதித்தது. அந்த ஏப்ரலில் கேப்டன் கோப் தலைமையில் படை புறப்பட்டபோது பெரும்புயல் அடித்தது. முகாம் சிதறியது. கடலூர்க் கடலில் நேமூர் என்ற போர்க்கப்பல் உடைந்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். நாட்டுக்குள் நுழைந்து பார்த்தால் சையாஜிக்கு ஆதரவாக ஒரு சிற்றரசர்கூட வரவில்லை. படை வெறுங்கையோடு திரும்பியது.

இரண்டாம் முறை மேஜர் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் கடல்வழியாகப் போனார். அவரோடு போன லெப்டினன்ட்களில் ஒருவர் ராபர்ட் கிளைவ். கோட்டை விழுந்தது. விழுந்ததும் கம்பெனி பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தது, பிரதாப சிங்கோடு. யாரை இறக்கப் புறப்பட்டார்களோ அவரோடு. தேவிக்கோட்டையும், ஆண்டுக்கு 9,000 வராகன் வருமானமுள்ள சுற்றுப்புற நிலமும், போர்ச் செலவும் கம்பெனிக்கு என்று முடிவானது. சையாஜிக்கு ஆண்டுக்கு 4,000 ரூபாய் படிக்காசு. அவர் இனித் தஞ்சாவூருக்குத் தொந்தரவு தரமாட்டார் என்பதற்குக் கம்பெனியே பிணை. உதவி கேட்டு வந்தவர், உதவியவர்களின் காவலிலேயே முடங்கினார்.

இரும்பு வங்கியின் விதி இங்கே பொருந்தவில்லை. சையாஜி கடனைத் திருப்பித் தராதவர் இல்லை. கடன் தீர்க்கும் கட்டமே வரவில்லை. பிரதாப சிங் முன்பு கடன் வாங்கியவரும் இல்லை. கம்பெனி பார்த்தது ஒன்றைத்தான்: கொள்ளிட முகத்துவாரமும் அதன் வரியும் கைக்கு வர எந்தக் கையெழுத்து வேண்டும்? முதலில் ஒருவர் கையெழுத்துப் போதும் என்று தோன்றியது. பிறகு இன்னொருவர் கையெழுத்து மலிவாகக் கிடைத்தது. பக்கம் என்பது அவர்களுக்கு நிலத்தின் பக்கம்.

அதே காலத்தில் இந்த மண்ணுக்குச் சொந்தமான பணக்காரர்கள் இல்லாமலில்லை. ஆற்காட்டில் சராப்புக் கடைகள் இருந்தன. உண்டி என்ற பணமாற்றுச் சீட்டுகள் ஊர் விட்டு ஊர் போய்க் காசாயின. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிவந்த நாட்குறிப்பில் நவாபுகளின் பணமுடையும், பேரம் பேசவந்த வக்கீல்கள் என்ற தூதர்களும், எந்த ஊரில் யார் எவ்வளவு தருவதாகச் சொன்னார்கள் என்ற கணக்கும் பக்கம் பக்கமாக வருகின்றன. போர் என்பது பெரும்பாலும் ரூபாய்ப் பேச்சு என்பதை அவரளவுக்கு அருகிலிருந்து பார்த்து எழுதிவைத்த இன்னொரு தமிழர் அந்த நூற்றாண்டில் இல்லை. பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷியாகச் செல்வத்தின் உச்சியில் இருந்த அவர், 1761 ஜனவரி 12 அன்று, ஆங்கிலேயர் வளைத்துக்கொண்ட புதுச்சேரிக்குள் இறந்தார். நான்கு நாளில் நகரம் விழுந்தது.

வங்காளத்து ஜகத் சேட் குடும்பத்தின் கதை இன்னும் கொடுமையானது. 1757இல் பிளாசியில் நவாப் சிராஜ் உத் தௌலாவைக் கவிழ்க்கக் கம்பெனியோடு சேர்ந்துகொண்ட பெரும் வங்கிக் குடும்பம் அது. பக்கம் சரியாகத்தான் எடுத்தார்கள், வென்ற பக்கம். ஆறே ஆண்டில், 1763இல், அந்தக் குடும்பத்தின் தலைவர்கள் இருவரை நவாப் மீர் காசிம் கொன்றார். கஜானா வைத்திருந்தவர்களிடம் கோட்டை இல்லை.

கடனையே படையெடுப்பாக மாற்றிய பிரெஞ்சுக்காரர் ஒருவரையும் கடலூர் கண்டிருக்கிறது. 1758இல் வந்திறங்கிய கவுன்ட் லாலி, ஜூன் 2 அன்று புனித டேவிட் கோட்டையைப் பிடித்து, பின் வெடிவைத்துத் தகர்த்தார். தேவனாம்பட்டினத்தில் இன்று எஞ்சியிருக்கும் இடிபாடு அந்த அழிவின் மிச்சம். அடுத்து அவர் சென்னைக்குப் போக வேண்டும். படைக்குச் சம்பளமில்லை. புதுச்சேரிக் கஜானா காலி. அப்போதுதான் அலமாரியிலிருந்து ஒரு பழைய பத்திரத்தை எடுத்தார்கள். 1749ஆம் ஆண்டின் கடைசியில், ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையும் தஞ்சாவூரை வளைத்தபோது, உயிர் பிழைக்கப் பிரதாப சிங் எழுதிக்கொடுத்த 56 லட்ச ரூபாய்ப் பத்திரம். எழுதி வாங்கிய சந்தா சாகிபின் தலை 1752லேயே போயிருந்தது. பத்திரம் மட்டும் பிரெஞ்சுக்காரர் கையில் உயிரோடு இருந்தது.

லாலி அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூருக்கு நடந்தார். வழியில் நாகூரையும் கீழ்வேளூரையும் சூறையாடினார்கள். கீழ்வேளூர்க் கோயிலில் அர்ச்சகர்களை ஒற்றர் என்று சொல்லிப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். தஞ்சாவூர் மதிலுக்கு முன்னால் மருந்தும் குண்டும் தீர்ந்தன. காரைக்கால் கடலில் ஆங்கிலக் கப்பற்படை வந்துவிட்ட செய்தி எட்டியது. ஆகஸ்டில் முற்றுகையைக் கைவிட்டுப் பசியோடு திரும்பினார்கள். சென்னையும் கிடைக்கவில்லை, புதுச்சேரியும் போனது. 1766இல் பாரிஸில் லாலியின் தலை வெட்டப்பட்டது. இந்தக் கதையில் பெயரில்லாமல் செத்தவர்கள், அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதவர்கள். அதை எழுதி வாங்கியது யார், எழுதிக் கொடுத்தது யார் என்று அவர்களுக்குச் சொல்லக்கூட யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

ஆற்காட்டு நவாப் பதவிக்காக நடந்த கர்நாடகப் போர்களில் வென்றவர் நவாப் முகமது அலி வாலாஜா. ஆங்கிலேயர் எடுத்த பக்கம் அவர். வென்றவுடன் கம்பெனி செலவுக் கணக்கை நீட்டியது: உமக்காகச் சண்டை போட்டோம், இதோ பாக்கி. கம்பெனிக்குக் கட்ட நவாப் தனியாரிடம் கடன் வாங்கினார். அந்தத் தனியார் யார் என்றால் கம்பெனியின் ஊழியர்களே. கவுன்சில் உறுப்பினர்கள், எழுத்தர்கள், படை அதிகாரிகள். பகலில் கம்பெனிக்காக வசூலிக்க வந்தவர், இரவில் தன் பெயரில் கடன் கொடுத்தார். ஈடாக ஒவ்வொரு சீமையின் நிலவரியும் கடன்காரர் பெயருக்கு எழுதப்பட்டது. அந்த உத்தரவுச் சீட்டுக்குத் தன்கா என்று பெயர். கதிர் முற்றுமுன்னே இன்னாருக்கு இவ்வளவு என்று முத்திரை விழுந்துவிடும். 1767இல் பழைய கடன்களையெல்லாம் ஒன்றாகத் திரட்டி 10 விழுக்காடு வட்டிக்கு ஒரே கடனாக்கினார்கள். 1777இல் இன்னும் இரண்டு மூட்டைகள் சேர்ந்தன.

அவற்றில் ஒன்றுக்குக் குதிரைப்படைக் கடன் என்று பெயர். எட்மண்ட் பர்க் பிற்பாடு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் விவரித்தபடி அது நடந்த விதம் இது. வேண்டாத குதிரைப்படையைக் கலைக்கும்படி கம்பெனி நவாபிடம் சொல்கிறது. சம்பளப் பாக்கியைத் தீர்க்காமல் கலைக்க முடியாது, காசில்லை என்கிறார் அவர். டெய்லர், மஜண்டி, கால் என்ற மூன்று ஆங்கிலேயர் முன்வந்து 1,60,000 பவுண்டு தருவதாக ஏற்கிறார்கள். பல சீமைகளின் வரி உடனே அவர்கள் கைக்குப் போகிறது. இரண்டாண்டு கழித்தும் குதிரைக்காரர்களின் பாக்கி தீரவில்லை. உழவரிடம் வசூலித்த பணத்திலிருந்தே கடன் கொடுத்ததாகக் கணக்கு எழுதி, அதற்கு வட்டியும் வாங்கினார்கள் என்பது பர்க்கின் குற்றச்சாட்டு.

கடன்காரர்களில் தலையானவர் பால் பென்ஃபீல்ட். 1764இல் சில நூறு பவுண்டு சம்பளத்துக்குச் சென்னை வந்த கம்பெனி எழுத்தர். நவாப் 1773இல் கம்பெனிப் படையின் துணையோடு தஞ்சாவூரைப் பிடித்தபோது, காவிரி நாட்டு விளைச்சலும் கடன்காரர்களுக்கு ஈடாகிவிட்டது. லண்டன் உத்தரவுப்படி 1776 ஏப்ரலில் ஆளுநர் பிகட் பிரபு தஞ்சாவூரை ராஜா துளஜாவிடம் திருப்பிக் கொடுத்தார். உடனே பென்ஃபீல்ட் எழுந்தார். தஞ்சாவூர் வருவாயில் தனக்கு 1,62,000 பவுண்டு ஈடு இருக்கிறது, அங்கே தனி ஆட்களிடம் 72,000 பவுண்டு பாக்கி இருக்கிறது என்றார். அவருடைய சம்பளத்தில் பல நூறு ஆண்டு மிச்சம் பிடித்தாலும் சேராத தொகை. பிகட் ஏற்கவில்லை. ஆகஸ்ட் 24 இரவில் கவுன்சிலின் பெரும்பான்மையினர் தங்கள் ஆளுநரையே கைது செய்தார்கள். காவலில் இருந்தபடியே 1777 மே மாதம் அவர் இறந்தார். நெல் விளையுமுன் எழுதிய சீட்டு ஒன்றுக்காக, ஆங்கிலேயர் ஆங்கிலேய ஆளுநரைச் சிறையெடுத்த ஊர் சென்னை.

1780இல் மைசூரின் ஹைதர் அலி கணவாய்களைக் கடந்து இறங்கியபோது நவாபின் படையினருக்குச் சம்பளம் பாக்கி. கோட்டைகளில் கஞ்சி இல்லை. வரியெல்லாம் கடன்காரர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த நாட்டைக் காக்க யார் நிற்பார்? வங்காளத்திலிருந்து வாரன் ஹேஸ்டிங்ஸ் 15 லட்சம் ரூபாயோடு ஜெனரல் அயர் கூட்டை அனுப்ப வேண்டியிருந்தது.

சிதம்பரம் நடராசர் கோயிலின் மதில்கள் அந்த முப்பது ஆண்டும் பட்டதைக் கணக்கிட்டால் மனம் கனக்கும். 1749இல் தேவிக்கோட்டைப் படையெடுப்பின்போது அங்கே நின்றது கேப்டன் கோப்பின் படை. 1753இல் பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள். 1760இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். ஹைதர் காலத்தில் அரண் பலப்படுத்தப்பட்டு, அவருடைய காவற்படையும் தானியமும் உள்ளே இருந்தன. 1781 ஜூன் 18 இரவில் கூட் தாக்கி, ஆட்களை இழந்து பின்வாங்கினார். ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டைக்கு வடக்கே மணல்மேடுகளுக்கு நடுவில் ஹைதரைத் தோற்கடித்தார். ஆனாலும் அடுத்த ஆண்டே கடலூர் பிரெஞ்சுக்காரர் வசமானது. 1783 ஜூனில் அதை மீட்க ஆங்கிலேயர் முற்றுகையிட்டு, இருபுறமும் நூற்றுக்கணக்கானோர் விழுந்தபின், ஐரோப்பாவில் மாதக்கணக்கில் முன்பே சமாதானம் ஆகிவிட்டது என்ற செய்தி கப்பலில் வந்து சேர்ந்தது. ஜூலை 2 அன்று சண்டை நின்றது.

செத்தவர் செத்தபின் கடன்கள் மட்டும் லண்டனில் நடமாடின. பென்ஃபீல்ட் 1780இல் கிரிக்லேடு தொகுதியிலிருந்து நாடாளுமன்ற உறுப்பினரானார். தன்னோடு சேர்த்து எட்டுப் பேரை அவர் உள்ளே கொண்டுவந்ததாகப் பர்க் சொன்னார். 1784இல் பிரதமர் இளைய பிட்டின் அரசு, எந்தக் கடன் மெய், எந்தக் கடன் பொய் என்று விசாரிக்காமலே எல்லாவற்றையும் ஏற்று, நவாபின் வருவாயிலிருந்து ஆண்டுக்கு 12 லட்சம் வராகன் ஒதுக்க உத்தரவிட்டது. ஹைதரின் படை நடந்துபோன பாதையில் ஊர்கள் கரிந்து கிடந்த நேரம். 1785 பிப்ரவரி 28 அன்று பர்க் பேசியது இந்த உத்தரவை எதிர்த்துத்தான். கர்நாடகத்தின் ஏரிகளைப் பற்றியும் அவற்றை வெட்டி வைத்த முன்னோரைப் பற்றியும் அந்த அவையில் அவர் பேசினார். வெட்டியவர்களின் ஏரி உடைந்து கிடக்க, வட்டிக்காரனுக்கு வரி போகிறது என்று கேட்கக் கடல் தாண்டி ஒரு குரலாவது இருந்தது. அவர் ஆதரித்த தீர்மானம் தோற்றது.

வாலாஜாவைக் கடன்காரர்கள் ஏன் அரியணையிலிருந்து இறங்க விடவில்லை என்பது இப்போது விளங்கும். 1781இல் கம்பெனி, போர்க்காலத்துக்கென்று நவாபின் வரி வசூலை நேரடியாக எடுத்துக்கொண்டது. உழவருக்கு அது நல்லதா என்பது வேறு கேள்வி. கடன்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. நவாப் கையில் வரி இருந்தால்தான் தன்கா எழுதுவார். லண்டனில் அவர்கள் முட்டி மோதி, 1785இல் வசூல் உரிமையை நவாபுக்கே திருப்பிக் கொடுக்க வைத்தார்கள். ஆள முடியாத, ஆனால் கையெழுத்துப் போட முடிகிற ஒருவர் அவர்களுக்கு வேண்டியிருந்தது. வலுவான அரசன் கடனை மறுப்பான். அரசனே இல்லாவிட்டால் பத்திரம் செல்லாது. இரண்டுக்கும் நடுவில் சேப்பாக்கம் அரண்மனையில் அவரை வைத்துக் காத்தார்கள். இரும்பு வங்கி கடன் தவறிய அரசனை வீழ்த்தும். ஆற்காட்டுக் கடன்காரர்கள் கடன் தவறிய அரசனை வாழவைத்தார்கள்.

கற்பனை வங்கிக் கதையில் இல்லாதது வயல். அங்கே தங்கம் பெட்டகத்திலிருந்து வருகிறது, பெட்டகத்துக்கே திரும்புகிறது. இங்கே ஒவ்வொரு வராகனும் பெண்ணையாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் ஒருவர் களத்துமேட்டிலிருந்து வந்தது. படை வந்தால் மாட்டை ஓட்டிக்கொண்டு காட்டுக்குப் போனவர், படை போனபின் திரும்பி வந்து அதே படைக்கான வரியைக் கட்டினார். இந்த மனிதரை வைத்து எழுதாத போர் வரலாறு குறைபட்ட வரலாறு.

1801 ஜூலை 31 ஒப்பந்தத்தோடு கர்நாடகம் முழுவதும் கம்பெனிக்குப் போனது. கடலூரைத் தலைநகராகக் கொண்டு தென்னாற்காடு மாவட்டம் வந்தது. 1805இல் நவாபின் கடன்களை ஆராய ஓர் ஆணையம் அமைத்தார்கள். அது இருபது ஆண்டுகளுக்கும் மேல் உட்கார்ந்து, கோரப்பட்டவற்றில் மிகச் சிறு பகுதியை மட்டுமே உண்மைக் கடன் என்று தீர்ப்பளித்தது. அதாவது, அதன் முன் வந்த கடன்களில் பெரும்பகுதி செல்லாத தாள். பென்ஃபீல்ட் 1810இல் பாரிஸில் வறுமையில் இறந்துவிட்டார். ஆணையத்தின் முன் கடன் கொடுத்தவர் வரலாம், சம்பளப் பாக்கி உள்ளவர் வரலாம். கடன் தாளுக்காகப் பல ஆண்டு வரி கட்டியவர், அதைத் திருப்பிக் கேட்டு வர அங்கே இடமிருக்கவில்லை.

சிதம்பரத்துக்கு இன்னொரு விதமான வங்கிப் பணமும் வந்திருக்கிறது. 1929இல் அங்கே பல்கலைக்கழகம் எழ வாரிக் கொடுத்த ராஜா அண்ணாமலைச் செட்டியார், நாட்டுக்கோட்டை நகரத்தார் வட்டிக்கடை மரபில் வந்தவர். அந்த மரபினர் பர்மாவில் உழவருக்குக் கடன் கொடுத்து, 1930களின் பெருமந்தத்தில் கீழ்ப்பர்மாவின் நெல் நிலத்தில் ஏறத்தாழ கால்பங்கு தங்கள் பெயருக்கு வந்து சேர்வதைக் கண்டார்கள். பர்மிய உழவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதைத் தென்னாற்காட்டு உழவரின் பிள்ளைகள் எளிதில் உணரலாம். 1942இல் ஜப்பானியப் படை வந்தது. பெட்டியடிகள் என்ற வட்டிக்கடைகள் மூடப்பட்டன, அவற்றை நடத்திய மேலாட்களும் அடுத்தாட்களும் காடு மலை வழியே நடந்து வந்தார்கள், போருக்குப்பின் நிலம் திரும்பவில்லை. பத்திரங்கள் முறையானவை. அவற்றை நிறைவேற்ற நகரத்தாரிடம் பீரங்கி இருந்ததில்லை.

தேவனாம்பட்டினத்தில் கெடிலம் கடலைத் தொடும் இடத்துக்கு மாலையில் போகிறவர்கள் கோட்டை மேட்டைக் கடந்துதான் மணலுக்கு இறங்குகிறார்கள். லாலி தகர்த்த சுவரின் செங்கல் புதருக்குள் தெரியும். வடக்கே குண்டு உப்பலவாடி. நவாபின் கடன் பத்திரங்களும் ஆணையத்தின் அறிக்கைகளும் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்துக் கட்டுகளில் பத்திரமாக இருக்கின்றன, யார் கேட்டாலும் எடுத்துத் தருகிறார்கள். கடலூர்ப் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்த ஊர்ப்பெயரின் குண்டு எங்கிருந்து வந்து விழுந்தது என்று யாராவது சொல்லியிருப்பார்கள்? அதைச் சொல்லத் தொடங்கினால், யார் சுட்டது என்று கேட்பார்கள். பிறகு, யாருடைய நிலத்தில் என்று கேட்பார்கள்.